தியானம்: வாயில் தொடங்க வேண்டிய சொல்

கிறிஸ்தவ மொழிபெயர்ப்புகளில் "ஆழ்நிலைத் தியானம்" என்ற தொடர் கண்ட இடத்திலெல்லாம் வந்து விழுகிறது. வசனத்தை வைத்து ஜெபிக்கும் பழைய முறைக்கும் அதே பெயர், அந்த முறையின் கடைசிப் படிக்கும் அதே பெயர், மூச்சைக் கவனித்தபடி சும்மா உட்காருவதற்கும் அதே பெயர். மூன்றும் வேறு வேறு.

தியானம் வடசொல், நினைத்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. யோக சூத்திரம் சொல்லும் எட்டு அங்கங்களில் ஏழாவது. தமிழில் ஊறிப்போன சொல், அதை யாரும் விரட்ட வேண்டியதில்லை.

ஆனால் பைபிளில் சங்கீதம் 1:2-இல் 'தியானமாயிருக்கிற' என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது 'ஹாகா'. தாழ்ந்த குரலில் முனகுதல் என்று பொருள். ஏசாயா 31:4-இல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், 38:14-இல் புலம்பும் புறாவுக்கும் இதே வினைதான். யோசுவா 1:8 இன்னும் தெளிவு: நியாயப்பிரமாண புஸ்தகம் "உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக" என்று சொல்லிவிட்டுத்தான் இரவும் பகலும் தியானிக்கச் சொல்கிறது. வாய் அசையாத தியானம் அந்த வசனத்தில் இல்லை.

1995-இல் வந்த திருவிவிலியம் என்ற பைபிள் மொழிபெயர்ப்பு இதே சங்கீதத்தில் 'சிந்திப்பவர்' என்று போட்டது. தமிழாக்கம் என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. சிந்தித்தலும் வடசொல்தானே! தூய்மையும் கிடைக்கவில்லை, வாயும் மூடிக்கொண்டது. நம்மிடம் 'ஓதுதல்' இருக்கிறது. வேதத்தை ஓதுவதும் அதுதான், காதில் மெல்லச் சொல்வதும் அதுதான். "ஓதி உணர்ந்தும்" என்று குறள் (834) ஓதுதலையும் உணர்தலையும் ஒட்டவைத்தே பேசுகிறது. ஹாகாவுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த இரண்டாம் குய்கோ, வசனத்தை ஓதி ஜெபிக்கும் இந்தப் பழக்கத்தை நான்கு படிகளாக எழுதிவைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், காட்சி. வீட்டில் செய்ய 20 நிமிடம் போதும். ஒரு நற்செய்திப் பகுதியில் 5 முதல் 8 வசனம் எடுத்து, காதில் விழும்படி இரண்டு முறை வாசிக்க வேண்டும். மனம் எங்கே நிற்கிறதோ அந்த மூன்று நான்கு சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். "நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள்?" என்று இயேசு கேட்ட கேள்வி பத்தாவது தடவை சொல்லும்போது சீஷர்களை விட்டுவிட்டு நம்மைக் கேட்கத் தொடங்கும். அதற்குச் சொல்லும் பதில்தான் ஜெபம். பேச்சு ஓய்ந்தபின் அந்த வசனத்தைத் தந்தவர் முன்னால் இருப்பதே காட்சி.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாம் படியில். முழு அதிகாரத்தையும் எடுத்தால் அது வாசிப்போடு நின்றுவிடும். விளக்கவுரையைத் திறந்தால் பிரசங்கத் தயாரிப்பு ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு யோசிக்க உட்கார்ந்தால், விடியற்காலையில் ஐந்தே நிமிடத்தில் தூக்கம். இல்லாவிட்டால் அன்றைய வேலைக் கணக்கு. குரல் எழுப்பினால் இவை பாதி குறையும்.

இப்போது 'ஆழ்நிலை'க்கு வருவோம். அது மகேஷ் யோகி 1950-களில் கற்பிக்கத் தொடங்கிய முறைக்குத் தமிழில் நிலைத்த பெயர். அங்கே மந்திரத்தின் பொருளை ஆராயக் கூடாது. அதன் ஒலியைப் பற்றிக்கொண்டு மனம் அடங்க வேண்டும். அது அவர்கள் வழி, அதற்கு அந்தப் பெயர் சரி. வசனத்தை ஓதுகிறவருக்கோ பொருள்தான் உணவு. அதைக் கைவிட்டால் மிஞ்ச ஒன்றுமில்லை. நேர் எதிரான இரண்டுக்கு ஒரே பெயர் வைத்தபின், "இது நமக்கு ஆகுமா?" என்று சபையில் சிலர் பதறுவதில் என்ன வியப்பு? குழப்பத்தைப் பெயர் வைத்தவர்களே உண்டாக்கினார்கள். நான்காம் படிக்குக் கத்தோலிக்கர் ஏற்கெனவே வழங்கும் 'காட்சித் தியானம்' இருக்கிறது. அந்தப் படிக்கு இலத்தீனில் உள்ள மூலப்பெயரின் பொருளும் உற்று நோக்குதல்தான். "மாசறு காட்சியவர்க்கு" என்ற குறளுக்குப்பின் காட்சி என்ற சொல்லுக்கு ஆழம் போதாது என்று சொல்ல முடியுமா?

இன்னொரு குறை. மூன்று நாள் பிரசங்கக் கூட்டத்தையும் தியானம் என்கிறோம், 'தினதியானம்' என்று வாட்ஸப்பில் வரும் ஒரு பத்தியையும் தியானம் என்கிறோம். முன்னதில் கேட்கிறோம், பின்னதைப் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறோம். ஓதுதல் இரண்டிலும் இல்லை. தனித்திருந்து ஜெபிக்கும் நாள்களுக்கு 'ஞான ஒடுக்கம்' என்ற அருமையான சொல் பழைய கத்தோலிக்க வழக்கில் உண்டு, அதை எடுத்தாளலாம். கூட்டத்தைக் கூட்டம் என்றும், பத்தியை தினவாசிப்பு என்றும் எழுதலாம். தியானம் என்ற சொல்லை வசனம் வாயில் இருக்கும் அந்த 20 நிமிடத்துக்கு விட்டுவைக்க வேண்டும்.