ஸ்டென்மார்க் எங்கே பிரேக் போட்டார்? ஸ்லாலம் திருப்பத்தின் இயற்பியல்

1980 பிப்ரவரி 22, அமெரிக்காவின் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக். பனிச்சரிவில் நட்ட கம்பங்களை வளைந்து வளைந்து சுற்றி இறங்கும் சறுக்குப் போட்டி ஸ்லாலம். ஆண்கள் ஸ்லாலத்தின் முதல் ஓட்டம் முடிந்தபோது ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் நான்காவது இடத்தில் இருந்தார். இரண்டாவது ஓட்டம் முடிந்ததும் தங்கம் அவருக்கு. அதுவரை முன்னணியில் இருந்த அமெரிக்கர் ஃபில் மாரேயைவிட 0.50 விநாடி குறைவான நேரம். இரண்டு ஓட்டங்களிலும் சேர்த்து வாயில்கள், அதாவது கம்பம் நட்டுக் குறித்த கடவுகள், நூற்றுக்கு மேல். அந்த அரை விநாடியைப் பங்கிட்டால் ஒரு வாயிலுக்கு 5 மில்லி விநாடி, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர்.

அந்த ஐந்தாறு சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது? 'வேகமாகப் போனார்' என்பது பதில் இல்லை. ஸ்லாலத்தில் வேகம் தேவைக்கு அதிகமாகவே கிடைக்கிறது. ஆண்களுக்கான உலகக் கோப்பைத் தடத்தின் உயர வித்தியாசம் 180 முதல் 220 மீட்டர், திருப்பங்கள் சுமார் 60 முதல் 70. ஆக, ஒரு வாயிலிலிருந்து அடுத்ததற்குள் வீரர் ஏறக்குறைய 3 மீட்டர் கீழே இறங்குகிறார். 80 கிலோ எடைக்கு அந்த இறக்கம் தரும் ஆற்றல் சுமார் 2,350 ஜூல். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அவரிடம் இருக்கும் இயக்க ஆற்றலே 4,900 ஜூல்தான். எதுவும் வீணாகாவிட்டால் இரண்டு வாயில்களுக்குள் வேகம் 56 கி.மீ.யைத் தொடும். ஆறு முதல் பதின்மூன்று மீட்டர் இடைவெளியில் நிற்கும் கம்பங்களை அந்த வேகத்தில் யாராலும் சுற்ற முடியாது. எனவே ஒவ்வொரு வாயிலிலும் அந்த 2,350 ஜூலின் பெரும்பகுதியைப் பனியிலும் காற்றிலும் கரைத்தே ஆக வேண்டும். ஸ்லாலம் வீரர் எல்லோரும் பிரேக் போடுகிறார்கள். எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் பதக்கம் இருக்கிறது.

திருப்பத்தை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். மேல் பாதியில் ஸ்கீ, அதாவது காலில் கட்டிய சறுக்குப் பலகை, சரிவுக்குக் குறுக்கே இருந்து நேர் இறக்கத்தை நோக்கித் திரும்புகிறது. கீழ்ப் பாதியில் நேர் இறக்கத்திலிருந்து மறுபக்கக் குறுக்குத் திசைக்குப் போகிறது. 10 மீட்டர் ஆர வளைவில் 11 மீ./விநாடி வேகத்துக்குத் தேவையான மையநோக்கு முடுக்கம் 12 மீ./விநாடி². சரிவு 25 டிகிரி, ஸ்கீ நேர் இறக்கத்துக்கு 45 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் பாதியில் புவியீர்ப்பு இந்தத் தேவையில் ஏறக்குறைய 3 அலகைத் தானே கொடுத்துவிடும். பனி 9 கொடுத்தால் போதும். கீழ்ப் பாதியில் அதே புவியீர்ப்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பனி 15 கொடுத்தாக வேண்டும். சரிவு தாங்கும் எடையையும் சேர்த்தால், 80 கிலோ வீரரின் கால்களுக்கு மேல் பாதியில் சுமார் 100 கிலோ பாரம், கீழ்ப் பாதியில் 140 கிலோ.

இது மென்மையான சராசரிக் கணக்கு. நிஜத்தில் கீழ்ப் பாதியின் உச்ச பாரம் இன்னும் கூடும். பனி வெட்டுப்படுவதும், விளிம்பு பிடி விடுவதும், தொடை சோர்வதும் அங்கேதான். ஆகவே திசை மாற்றத்தின் பெரும்பகுதியைக் கம்பத்துக்கு மேலேயே, அதாவது கம்பத்தை அடையும் முன் சரிவின் மேற்பக்கத்திலேயே, முடித்துவிடுபவருக்கு லாபம். ஸ்டென்மார்க் செய்தது இதைத்தான்.

சொல்வது எளிது. அன்றைய ஸ்கீ இதற்கு ஒத்துழைக்கவில்லை. ஸ்கீயின் நடுப்பகுதி ஒடுங்கியும் முனைகள் அகன்றும் இருக்கும். அந்தப் பக்கவாட்டு வளைவின் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால், வழுக்காமல் வெட்டிச் செல்லும் திருப்பத்தின் ஆரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். இன்றைய ஸ்லாலம் ஸ்கீயின் ஆரம் 12 அல்லது 13 மீட்டர். 60 டிகிரி சாய்த்தால் 6 மீட்டரில் திரும்பும். ஸ்டென்மார்க் காலத்துப் பலகைகள் 2 மீட்டருக்கு மேல் நீளம், ஆரம் 40 மீட்டர் அளவில். அதே 60 டிகிரியில் 20 மீட்டருக்குக் குறைந்து திரும்பாது. தேவையோ 10 மீட்டர்.

மீதித் திருப்பத்தைக் காலால்தான் திருப்ப வேண்டும். ஒரு திருப்பம் முடிந்து பாரம் குறையும் நொடியில் ஸ்கீயைப் பனிமேல் சுழற்றி, சிறிது பக்கவாட்டில் வழுக்கவிட்டு, பிறகு விளிம்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வழுக்கல்தான் பிரேக். பெரும்பாலானோர் கம்பத்தை நோக்கி நேராக வந்து, அதன் அருகிலோ தாண்டியோ இதைச் செய்தார்கள். ஸ்டென்மார்க் கம்பத்துக்கு நன்றாக மேலே, பாரம் குறைவாக இருக்கும் இடத்தில் சுழற்றினார். கம்பத்தை அடையும்போது வழுக்கல் முடிந்து, ஸ்கீ அடுத்த வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாதை சற்று நீளம், பார்க்கவும் நிதானமாகத் தெரியும். ஆனால் கீழ்ப் பாதியில் அவர் பனியைச் சுரண்டவில்லை. அவருடைய பழைய ஓட்டங்களைப் பார்ப்பவர்கள் இடுப்புக்கு மேலே எதுவும் நடக்கவில்லையே என்று ஏமாந்துபோவதுண்டு. வேலையெல்லாம் முழங்காலுக்குக் கீழே.

தாமதமானால் என்ன ஆகும்? முதல் வாயிலில் 20 செ.மீ. கீழே இறங்கிவிட்டால் அடுத்ததைக் குறுகிய ஆரத்தில் திருப்ப வேண்டும். ஆரம் குறைந்தால் விசை கூடும், விளிம்பு வழுக்கும், மேலும் கீழே இறங்குவார். மூன்று, நான்கு வாயில்களுக்குள் தடத்தைவிட்டே வெளியேறிவிடுவார். பயத்தில் பின்னால் சாய்வது இன்னொரு தவறு: ஸ்கீயின் முன்முனையில் பாரம் இல்லாமல் போக, அது திருப்பத்தைத் தொடங்க மறுக்கும்.

விளிம்பு பிடிப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஸ்கீயின் அடிப்பரப்புக்கும் அதை அழுத்தும் மொத்த விசையின் திசைக்கும் இடையிலான கோணம் 90 டிகிரி அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் பலகை தான் வெட்டிய படியிலிருந்து நழுவும். அதனால்தான் பூட்ஸுக்குள் கணுக்காலின் சிறு அசைவு அவ்வளவு முக்கியம். தடமோ பெரும்பாலும் பனிக்கட்டி. ஈரப்பனியில் உப்பு தூவுவார்கள்: உப்பு மேற்பரப்பை உருக்கும், உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிலிருந்து எடுக்கும், நீர் உள்ளிறங்கி மீண்டும் இறுகும். அதில் மழுங்கிய எஃகு விளிம்பு நிற்காது. அரத்தால் தீட்டி, பிசிறை நீக்கி, முன்முனையில் சில சென்டிமீட்டரை மட்டும் வேண்டுமென்றே மழுக்குவார்கள். இல்லையென்றால் முனை திடீரெனக் கொக்கிபோட்டு இழுத்துவிடும். ஸ்டென்மார்க் தன் ஓட்டக் காலம் முழுக்க அன்றைய யூகோஸ்லாவியாவின் எலான் ஸ்கீயையே பயன்படுத்தினார்.

இந்தத் திருப்பத்தின் மதிப்பு, கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலத்தில் இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. 1979 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவின் யாஸ்னாவில் இரண்டாமவர் போயான் கிரிஷாயைவிட 4.06 விநாடி முன்னதாக முடித்தார். நூறில் ஒரு பங்கு விநாடியில் முடிவாகும் விளையாட்டில் இது ஏறக்குறைய அநாகரிகமான இடைவெளி. அந்தப் பருவத்தில் 13 வெற்றிகள். ஆனால் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த ஒட்டுமொத்த உலகக் கோப்பையில் ஐந்தாம் இடம்தான்! ஒரு பிரிவுக்கு மூன்று சிறந்த முடிவுகள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதி வைத்திருந்தார்கள். வெற்றிக்கு 25 புள்ளி. இரண்டு பிரிவுகள், மூன்று மூன்று முடிவுகள், 150 புள்ளி. மீதி ஏழு வெற்றிகளுக்குப் பூஜ்யம். அதிவேக இறக்கப் பிரிவான டவுன்ஹில்லும் ஓடுபவர்களுக்குச் சாதகமான இந்த விதி, ஒரே ஆளின் ஆதிக்கத்தை அடக்கப் போட்டது என்றே எனக்குப் படுகிறது. 1981-இல் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் ஸ்டென்மார்க் டவுன்ஹில்லும் ஓடிப் பார்த்தார். 34-ஆம் இடம், முதலிடம் பெற்றவரைவிடப் பத்து விநாடிக்கு மேல் தாமதம்.

அவருடைய ஸ்லாலம் ஆதிக்கத்தை உண்மையில் அசைத்தது கம்பம். விறைப்பான கம்பத்தைச் சுற்ற, கால் மட்டுமல்ல, தோளும் வெளியே போக வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அடியில் கீல் வைத்த பிளாஸ்டிக் கம்பங்கள் வந்தன. அடித்தால் படுக்கும், தானே நிமிரும். விதிப்படி பாதங்களும் ஸ்கீ முனைகளும் வாயிலைக் கடந்தால் போதும். ஆகவே கால்கள் கம்பத்துக்கு வெளியேயும் உடல் உள்ளேயும் போகலாம். உடலின் நிறைமையம் கிட்டத்தட்ட நேர்கோட்டில் இறங்க ஆரம்பித்தது; பாதை குறுகியது. வட்டமாகச் சுற்றும் அழகுக்கு இருந்த லாபம் குறைந்து, முழங்கைக் காப்பும் தாடைக் காப்பும் முழங்கால் காப்பும் போட்டுக் கம்பத்தை மோதித் தள்ளும் வலிமைக்குக் கூடியது. கம்பத்தை ஒட்டிப் போவதால் ஒரு ஸ்கீ தவறான பக்கம் நுழைந்து தகுதி இழப்பதும் பெருகியது. ஸ்டென்மார்க் 1983-இல் எட்டாவது முறையாக ஸ்லாலம் பட்டத்தை எடுத்தார்; அதுவே கடைசி. 1989-இல் ஆஸ்பெனில் பெற்ற கடைசி வெற்றி ஜயன்ட் ஸ்லாலத்தில். அந்த ஆண்டே ஓய்வு. உலகக் கோப்பையில் மொத்தம் 86 வெற்றிகள்: ஸ்லாலம் 40, ஜயன்ட் ஸ்லாலம் 46.

2023 மார்ச் 11 அன்று ஸ்வீடனின் ஓரே (Åre) என்னும் இடத்தில் அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் ஸ்லாலத்தில் வென்று, 87 வெற்றிகளுடன் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். பெண்களுக்கான ஸ்லாலம் ஸ்கீயின் குறைந்தபட்ச நீளம் இப்போது 155 செ.மீ., ஆண்களுக்கு 165. இந்தக் குட்டைப் பலகைகள் பெரும்பாலான வாயில்களில் வழுக்காமலே திரும்பிவிடும். செங்குத்தான இடத்தில் கம்பங்களை நெருக்கி நட்டால் மட்டும் கணக்கு மாறும்: 5 மீட்டர் ஆரத்துக்கு 66 டிகிரி சாய்வு வேண்டும், பனிக்கட்டியில் அது எல்லா நேரமும் நிற்காது. அங்கே இன்றைய வீரர்களும் கம்பத்துக்கு மேலே ஸ்கீயைச் சற்றுச் சுழற்றி வழுக்கவிட்டுத்தான் விளிம்பைப் பிடிக்கிறார்கள்.