மாலை போட்டால் மட்டும் சிகரெட் எப்படி விட்டுப்போகிறது?

கார்த்திகை முதல் தேதி டெல்டா ஊர்களின் டீக்கடைகளில் ஒரு மாற்றம் தெரியும். முந்தின நாள் வரை விடியற்காலை ஐந்து மணிக்கே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பீடி முடித்தவர், அன்று கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக நிற்பார். யாரும் அவரிடம் பீடிக்கட்டை நீட்ட மாட்டார்கள். ‘சாமி’ ஆகிவிட்டாரே! மாலை போட்டும் மறைவில் போய் இழுக்கிறவர்கள் உண்டு. ஆனால் 41 நாளோ 48 நாளோ நிஜமாகவே தொடாமல் இருந்துவிடுகிறவர்களை மன்னார்குடியிலும் பார்க்கலாம், கும்பகோணத்திலும் பார்க்கலாம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களிலும் பார்க்கலாம்.

இதே ஆளிடம் ஆடி மாதத்தில், “விட்டுடலாமே அண்ணே” என்று சொல்லிப் பாருங்கள். “விட்டுப் பார்த்தாச்சு தம்பி. மூணு நாள்தான். கை நடுங்குது, தூக்கம் வரல, வீட்ல எல்லாரு மேலயும் எரிஞ்சு விழறேன். நமக்கு ஒத்துக்கல” என்பார். அதுவும் பொய் இல்லை. ஆடியில் மூன்று நாள் தாங்காத உடம்பு கார்த்திகையில் ஒரு மண்டலம் தாங்குகிறது. பக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், இதற்குள் இருக்கும் பாடம் கைநழுவிப் போய்விடும். உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால், மாலை போடாதவர்களுக்கும் அது உதவும்.

முதலில் நிகோடின். புகையிலைச் செடி இதை வேரில் தயாரித்து இலைக்கு அனுப்புகிறது. இலையைக் கடிக்க வரும் பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்காகச் செடி வைத்திருக்கும் நஞ்சு அது. நெல்லில் புகையான் பூச்சி விழுந்தால் தெளிக்கிற இமிடாகுளோபிரிட் மருந்தும் பூச்சியின் நரம்பில் இதே வகை இடத்தில்தான் போய் ஒட்டுகிறது. நம் மூளையிலும் அந்த வகை ஏற்பிகள், அதாவது ரசாயனம் வந்து ஒட்டுகிற இடங்கள், இருக்கின்றன. அசிட்டைல்கோலின் என்ற, உடம்பே தயாரிக்கிற ஒரு ரசாயனத்துக்காக அமைந்த ஏற்பிகள் அவை. ஒரு இழுப்பு இழுத்ததும் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கும் நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளையை அடைந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடனே டோபமைன் சுரக்கிறது. ‘இது நல்லாயிருக்கு, இதைத் திரும்பச் செய்’ என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கிற ரசாயனம் இது.

நாள் முழுக்க நிகோடின் வந்துகொண்டே இருந்தால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. அதை ஈடுகட்ட மூளை இன்னும் அதிக ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்கிறது. ஆற்றில் நிறைய தண்ணீர் வருகிறதே என்று புதிது புதிதாகக் கிளை வாய்க்கால் வெட்டிக்கொண்டே போனால், மேட்டூர் அணையை மூடிய பிறகு அத்தனை வாய்க்காலும் வாய் பிளந்து கிடக்குமே, கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். நிகோடினின் அளவு ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். ராத்திரி தூங்கி எழுந்திருக்கும்போது ஏற்பிகள் ஏறக்குறைய காலியாக இருக்கும். எழுந்ததும் பிடிக்கிற முதல் பீடி மட்டும் அத்தனை சுகமாக இருப்பது இதனால்தான். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவருக்கு அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கிடுவதும் இதை வைத்துத்தான்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் இரண்டு மூன்று நாளில் தவிப்பு உச்சத்துக்குப் போகும். எரிச்சல், கவனம் சிதறுவது, அகோரப் பசி, தூக்கமின்மை, சிலருக்கு மலச்சிக்கல். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் இவை அடங்கிவிடும். அதிகமாக முளைத்த ஏற்பிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் ஆகிறது என்று மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆடுதுறை 43 நெல் ரகம் விதைத்து அறுக்க 110 நாள் பிடிக்கும். குறுவை அறுவடைக்கு வருவதற்குள் மூளை தன் கணக்கை நேர்செய்து முடித்திருக்கும்.

இப்போது மாலைக்கு வருவோம். மண்டலம் முடியும்போது அவர் ஆறு ஏழு வாரத்தைக் கடந்திருக்கிறார். நிகோடின் எப்போதோ வெளியேறிவிட்டது. தவிப்பு அடங்கிவிட்டது. மூளை பெரும்பகுதி ஆறிவிட்டது. அப்படியென்றால், மலைக்குப் போய்விட்டு இறங்கியதும் பம்பையிலேயே ஒன்றைப் பற்றவைக்கிறாரே, அந்த சிகரெட்டைக் கேட்டது எது? ரத்தத்தில் இருந்த குறை அல்ல. பழக்கமும், ‘விரதம் முடிஞ்சாச்சு, இனிமேல் பிடிக்கலாம்’ என்ற அனுமதியும்தான். கடினமான வேலையை முழுசாக முடித்துவிட்டு, விளைந்த வயலை அறுக்காமல் திரும்பி வருகிறார் என்பதுதான் என்னை வருத்துகிறது.

அனுமதிக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. இஸ்ரேலில் புகைப்பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களிடம், குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் புகைக்கும் ஆசை எவ்வளவு இருக்கிறது என்று இடையிடையே கேட்டுப் பதிவு செய்தார்கள். 2010-இல் முடிவுகள் வெளியாயின. கடைசி சிகரெட் பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, விமானம் இறங்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆசை ஏறியது. நடு வானில் அடங்கியிருந்த ஆசை, தரை நெருங்க நெருங்கத் தலைதூக்கியது. நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் ரமலான் நோன்பு வைக்கிறவர்களைக் கேளுங்கள், இதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்: பகலில் பெரிய தொந்தரவு இல்லை, நோன்பு திறக்கிற நேரம் நெருங்கும்போதுதான்.

ஆகவே, ‘பார்ப்போம், முடிஞ்ச வரைக்கும் குறைச்சுக்கலாம்’ என்று கதவைப் பாதி திறந்து வைத்திருப்பவரைத்தான் ஆசை அதிகமாக அலைக்கழிக்கும். மாலை போட்டவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். படிப்படியாகக் குறைத்தவர்களையும் ஒரே நாளில் நிறுத்தியவர்களையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம், குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். குறைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் பாதியளவு கூடுகிறது.

மாலை இன்னொன்றையும் செய்கிறது: தினசரி வழக்கத்தைக் கலைத்துப்போடுகிறது. ஒரு நாளைக்கு 15 சிகரெட், ஒவ்வொன்றுக்கும் பத்து இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல். அத்தனை முறையும் டோபமைன் பக்கத்தில் இருந்ததையெல்லாம் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது: டீ கிளாஸ், சாப்பாடு முடிந்த நேரம், பஸ்ஸுக்கு நிற்கிற இடம், முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ராத்திரி வரப்பில் தனியாகக் காத்திருப்பது. அதனால்தான் டீ கிளாஸைத் தொட்டாலே விரல் பாக்கெட்டைத் தேடுகிறது. மாலை போட்டதும் விடியற்காலைக் குளியல், பூஜை, பஜனை என்று நாளே வேறாகிவிடுகிறது. பழைய குறிகள் கண்ணில் படுவது குறைகிறது.

மாலை போடாதவர்கள் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். முதல் இரண்டு வாரம் டீயை வீட்டில் குடியுங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள். சாப்பிட்டதும் எழுந்து வாய் கொப்பளித்துவிட்டுத் தெருக்கோடி வரை ஒரு நடை. டாஸ்மாக் பக்கம் அந்த ஒரு மாதம் கட்டாயம் வேண்டாம். குடித்தால், முன்பு எடுத்த உறுதியெல்லாம் தளர்ந்துவிடும். துக்க வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் இரவுகள் மிக ஆபத்தானவை, கட்டுக் கட்டாகப் பீடி கை மாறும் இடம் அது. ‘நான் விட்டுட்டேன், எனக்கு நீட்டாதீங்க’ என்று முன்கூட்டியே நாலு பேர் முன்னால் சொல்லி வைத்துவிடுங்கள். எழுகிற ஆசை ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். அந்த நிமிடங்களைக் கடத்தினால் போதும்.

சரி, அடுத்தது காபி. கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்த ஊர்களில் இதை யாராவது உரக்கச் சொல்லவேண்டும். புகையில் உள்ள தார் வகைப் பொருட்கள் கல்லீரலில் ஒரு குறிப்பிட்ட நொதியைத் தூண்டிவிடுகின்றன. காபியில் உள்ள காஃபீனைச் சிதைப்பதும் அதே நொதிதான். அதனால் புகைப்பவரின் உடம்பு காஃபீனை வேகவேகமாகக் கரைத்துவிடும். நாலைந்து டம்ளர் குடித்தாலும் ஒன்றும் தெரியாது. புகையை நிறுத்தியதும் சில நாட்களுக்குள் அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே நாலைந்து டம்ளரைத் தொடர்ந்தால் ரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

காஃபீன் அதிகமானால் என்ன ஆகும்? கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, எரிச்சல் வரும். மூன்றாம் நாள் ‘ஒத்துக்கல’ என்றவர் சொன்ன பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் ஒரு பங்கு நிகோடின் தவிப்பு, இன்னொரு பங்கு காபியாக இருக்கலாம். தெரியாமல் அவர் சோர்வுக்கு மேலும் ஒரு டம்ளர் குடித்திருப்பார்.

எனவே விடுகிற நாளிலிருந்து காபி, டீ இரண்டையும் பாதியாக்குங்கள். ஒரேயடியாக நிறுத்தவேண்டாம், தலைவலி வந்து சேரும். காலையில் அரை டம்ளர், டிகாக்‌ஷன் கம்மியாக. மாலை நாலு மணிக்கு மேல் காபிப்பொடி சேர்க்காத சுக்குமல்லிக் காபி, நீர்மோர், பால் என்று மாறிக்கொள்ளுங்கள். புகையை விடுவதற்காக நிகோடின் சூயிங்கம் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் நொதியைத் தூண்டியது புகை, நிகோடின் அல்ல. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சில மனநல மாத்திரைகள் எடுப்பவர்களும் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். அந்த மருந்துகளும் இதே வழியில்தான் கரைகின்றன, அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

நிகோடின் சூயிங்கம் பற்றி: அதை மிட்டாய் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும் வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்லவேண்டும். நிகோடின் வாயின் உட்தோல் வழியாக ஏறுகிறது. காபி, டீ, எலுமிச்சைச் சாறு போன்றவற்றின் புளிப்பு அதைத் தடுக்கும் என்பதால், மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்கவேண்டும். பலர் காபி குடித்த கையோடு மென்றுவிட்டு, ‘கம் வேலை செய்யலை’ என்கிறார்கள். சரியாகப் பயன்படுத்தினால் நிகோடின் மாற்று மருந்துகள் வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் வரை உயர்த்துகின்றன. வரெனிக்ளின் என்ற மாத்திரை அந்த ஏற்பிகளிலேயே போய் உட்கார்ந்து, கொஞ்சமாக மட்டும் தூண்டிவிட்டு நிகோடினுக்கு இடம் தராமல் செய்கிறது. இது மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்கவேண்டும். சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போட ஆரம்பிப்பது மட்டும் வேண்டாம். நிகோடின் அப்படியே தொடரும், வாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்தும் கூடவே வரும்.

அடைமழைக் குளிருக்கு ஒரு பீடி இதம் என்பது வயலில் பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. நிகோடின் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, விரல்கள் இன்னும் குளிர்ந்துபோகின்றன. கால் விரல்களுக்கு ரத்தம் போவது நின்று புண்ணாகி, விரலையே எடுக்க நேரும் பர்ஜர் நோய் பெரும்பாலும் புகைப்பவர்களுக்குத்தான் வருகிறது. சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விட்ட முதல் சில வாரத்தில் சளியும் இருமலும் கூடலாம். மாலை போட்டவர்கள் பச்சைத் தண்ணீர்க் குளியல்மேல் பழி போடுவார்கள். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளி வெளியேற்றும் நுண்ணிய மயிர்கள் மறுபடி வேலைக்கு வருவதும் ஒரு காரணம். ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்து வைத்திருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும். வயதாகிவிட்டது, இனி எதற்கு என்பவர்களுக்கு: 1951-இல் தொடங்கி அரை நூற்றாண்டு பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், 60 வயதில் விட்டவர்கள்கூட சுமார் மூன்று வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 50-இல் விட்டவர்களுக்கு ஆறு, 40-இல் விட்டவர்களுக்கு ஒன்பது.

இடையில் ஒன்று பிடித்துவிட்டால்? இரண்டு இழுப்பிலேயே அந்த ஏற்பிகளில் பாதி நிரம்பி, மூன்று மணி நேரம் வரை அப்படியே இருக்கும். ‘ஒண்ணே ஒண்ணு’ அடுத்ததைக் கூப்பிடுவது அதனால்தான். மீதிப் பாக்கெட்டை அப்போதே வாய்க்காலில் நனைத்து எறிந்துவிட்டு, எந்த இடம், எந்த நேரம், யார் கூட இருந்தார்கள் என்று யோசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பலமுறை முயன்ற பிறகே பெரும்பாலானவர்கள் முழுதாக விடுகிறார்கள். முந்தைய முயற்சி எதுவும் வீண் இல்லை. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது, பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். கூப்பிடும்போது எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, ஒரு நாளைக்கு எத்தனை, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், காபி எத்தனை டம்ளர் என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.