சீட்டில் இருப்பதும் உடம்புக்குள் போவதும்

மூன்றாவது பிரஷர் மாத்திரை எழுதிய சீட்டோடு, மருந்தாளுநரான என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். ஏற்கெனவே ராமிப்ரிலும் அம்லோடிபினும் எடுத்துக்கொண்டிருந்தார். அப்படியும் மேல் அளவு 160-க்குக் கீழே இறங்கவில்லை என்று டாக்டர் நீர் பிரிக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்திருந்தார். மருந்தை எடுத்துக் கொடுக்கும் முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"ஐயா, இது போக வேற என்னென்ன போடுறீங்க?"

"வேற ஒண்ணும் இல்லையே."

"முட்டி வலி, முதுகு வலின்னு ஏதாவது?"

"அதைச் சொல்றீங்களா? அது சும்மா வலிக்குப் போடுறது."

டைக்ளோஃபெனாக். தினமும் இரண்டு. எட்டு மாதமாக.

டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், பிரஷர் ஏறும். ராமிப்ரில் போன்ற மருந்துகளின் வேலையும் குறைந்துபோகும். போதாததற்கு ராமிப்ரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே ஆளின் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படும் ஆபத்து கூடுகிறது. டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். வலி மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவது மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு, வலிக்குப் பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் என்று மாற்றிக் கொடுத்தார். அடுத்த மாதம் வந்தபோது பெரியவரின் அளவு 138.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, தைராய்டு என்று வருடக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு முறை. மருந்து வாங்க மாதாமாதம் வருகிறார்கள். சீட்டில் எழுதியிருப்பதற்கும் உண்மையில் உடம்புக்குள் போவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி முதலில் கண்ணில் படுவது மருந்தாளுநருக்குத்தான். முப்பது நாள் மருந்தை வாங்கியவர் ஐம்பதாவது நாள் வந்து நின்றால், கணக்கிலேயே விஷயம் இருக்கிறது.

அந்த இடைவெளி சிறியது என்று நினைத்துவிட வேண்டாம். வளர்ந்த நாடுகளிலேயே, நீண்ட நாள் நோய்க்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. இதற்கு அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு காரணம் இருந்தது, அதை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்த ஒரு பெண்மணிக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு. வேலைக்குப் போகிறவர், யாரிடமும் சொல்லக் கூச்சம். டாக்டரைப் பார்க்கப் போகும் வாரத்தில் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு சரியாக இருக்கும், ஆனால் எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அந்த நாட்களில் இருந்த சர்க்கரையின் சுவடு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்ட, வயிற்றுத் தொந்தரவும் கூட, அவர் போடுவது இன்னும் குறைந்தது. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுத்தாலோ, குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினாலோ பலருக்கு இந்தத் தொந்தரவு அடங்கிவிடும். டாக்டரிடம் பேசி அப்படியே மாற்றினோம். அவருக்குத் தேவைப்பட்டது ஐந்து நிமிடப் பேச்சு.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு மிரட்டலாகப் பதில் சொல்லக் கூடாது, ஆதாரத்தைச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 10 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. லட்சக்கணக்கானவர்கள் பங்கேற்ற பல சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்துக் கண்ட முடிவு இது. அந்தச் சோதனைகளில் பலன் கிடைத்தது மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்களால்தான். விட்டு விட்டுப் போடுபவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆதாரம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் எண் அழகாக மாறினால் மட்டும் போதாது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதை அடக்க என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகளைக் கொடுத்து வந்தார்கள். இ.சி.ஜி.யில் துடிப்பு ஒழுங்காகத்தான் தெரிந்தது. 1989-இல் காஸ்ட் என்ற சோதனையில் பார்த்தால், அந்த மருந்து எடுத்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். சர்க்கரையிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. இதய ஆபத்து அதிகமுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு எச்.பி.ஏ.1.சி.யை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற அக்கார்டு சோதனையில் இறப்பு கூடியதால், 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். ஆகவே, எண்பது வயதுக்காரர் சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையோடு வந்து, "சுகர் 70-லதான் நிக்குது, சூப்பர்" என்று சொன்னால் எனக்குப் பயம் வருகிறது. அந்த வயதில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன்.

அடுத்தது, மருந்து தரும் தொந்தரவுக்கு இன்னொரு மருந்து. ராமிப்ரில், எனலாப்ரில் எடுக்கும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இரண்டு மாதமாக இருமல் டானிக் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் பிரஷர் மாத்திரையை வேறு வகைக்கு மாற்றியதும் சில வாரங்களில் இருமல் நின்றது. அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அதற்கு நீர் மாத்திரை சேரும். புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், 'இது ஏற்கெனவே போடும் மருந்தால் வந்ததாக இருக்குமோ' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த மாத்திரையை நினைக்க வேண்டும்.

மருந்தாளுநர் இவ்வளவு செய்ய முடியுமா என்று கேட்பவர்களிடம் லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தகங்களைப் பற்றிச் சொல்வேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராத 319 கறுப்பின ஆண்கள், 52 முடிதிருத்தகங்கள். ஒரு பிரிவினரை மருந்தாளுநர்கள் கடைக்கே போய்ப் பார்த்து, அளந்து, அவர்களுடைய டாக்டர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்தை மாற்றினார்கள். இன்னொரு பிரிவினரிடம் முடிதிருத்துபவர், "டாக்டரைப் பாருங்கள், பழக்கத்தை மாற்றுங்கள்" என்று ஊக்கப்படுத்தினார். 2018-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அளவு சராசரியாக 27 இறங்கியது, இரண்டாவதில் 9. மருந்துகள் எல்லாம் பழையவை, யாருக்கும் தெரிந்தவை. அவற்றைச் சரியான அளவில், விடாமல் பின்தொடர்ந்து கொடுத்ததுதான் வித்தியாசம்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. கூட்டம் நிற்கும்போது மாத்திரையை உறையில் போட்டு நீட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறோம். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று செய்து காட்டாமல் கொடுத்து அனுப்புகிறோம். மூட்டுவாத நோய்க்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் எடுத்தால் உயிரே போகலாம், அதைக்கூட எந்தக் கிழமை என்று கேட்காமல் கொடுப்பது நடக்கிறது. கேட்பதற்கு நேரம் ஒதுக்குவது எங்கள் வேலையின் பாதி.

நீங்களும் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். வலி மாத்திரை, சத்து மாத்திரை, மூலிகை மருந்து, தேய்க்கும் களிம்பு, எதையும் விட வேண்டாம். தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே இரும்பு, கால்சியம் போடுகிறீர்களா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அப்புறம், கண் சொட்டு மருந்தும் பையில் இருக்கட்டும். அதையெல்லாம் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு ரத்தத்தில் கலந்து ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறலைக் கிளப்பிவிடலாம். இன்ஹேலர் சரியாக வேலை செய்யவில்லை என்று வருபவரிடம் நான் கண்ணைப் பற்றி விசாரிப்பது அதனால்தான்.