சட்டம் படித்து முடித்த பிள்ளைக்கு முதல் மூன்று வருடம்

மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து இப்போது நிறையப் பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள், ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்தபிறகு மீனவர் வீட்டுப் பெண்பிள்ளைகளும் கறுப்புக் கோட்டோடு கோர்ட்டுக்கு வருகிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கோட்டுப் போட்ட மறுமாதமே சம்பளம் வரும் என்று வீட்டில் நம்பிக் கடன் வாங்கிவிடுகிறார்கள்.

வராது. நம் பக்கம் கம்பெனி வேலை கிடையாது, இருப்பது சீனியர் வக்கீல்களின் ஆபீஸ்தான், அங்கே ஜூனியராகச் சேர வேண்டும். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாய்தா வாங்கினால், பல இடங்களில் பெட்ரோல் காசுதான் மிஞ்சும். ஜூனியருக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதைக் கொடுக்கும் ஆபீஸை இங்கே நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கட்சிக்காரர்களிடமே காசு புழங்காது, சீனியரின் நிலையும் கஷ்டம்தான். இருந்தாலும் சேரும் அன்றே தொகையைக் கேட்டுவிடுங்கள், பிற்பாடு கேட்க வாய் வராது.

ஜட்ஜ் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் அந்த வழி அடைபட்டுவிட்டது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, படிப்புச் செலவோடு இந்த மூன்று வருடச் சாப்பாடு, வாடகை, பஸ் செலவையும் முதலிலேயே கணக்குப் போடுங்கள். பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மெண்ட் கட்டணம் 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125. முத்திரைத் தீர்வை தவிர வேறு எந்தப் பெயரிலும் கூடுதலாக வாங்கக்கூடாது என்பது 2024 ஜூலைத் தீர்ப்பு.

சரி, வேலையே இல்லையா? இருக்கிறது. கடல் அட்டை 2001 முதல் பிடிக்கத் தடைசெய்யப்பட்ட கடல் உயிரினம், அது தெரியாமல் வனத்துறை வழக்கில் மாட்டிக்கொண்டு ஜாமீனுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் மனைவிக்கு இறப்புச் சான்றிதழ் கிடைக்காது, அது இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது, ஏழு வருடம் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும், அதற்கும் கோர்ட்டுக்குத்தான் வரவேண்டும். பீஸ் சிறிதுதான், ஆனால் வக்காலத்து உங்கள் பெயரில் விழும், அடுத்த கேஸ் அந்தத் தெருவிலிருந்தே வரும். அப்புறம், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் உதவி சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் பணிக்கு மூன்று வருடத்துக்குக் குறைந்த அனுபவம் உள்ளவர்களையும் மாதத் தொகைக்கு ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள், அந்த அறிவிப்பு வருகிறதா என்று கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் விசாரித்துக்கொண்டே இருங்கள்.