மஸ்டர்

மும்பை சாக்கிநாக்கா பக்கம் பட்டறைகளில் காலையில் காதில் விழும் கேள்வி: "மஸ்டர்ல கையெழுத்து போட்டாச்சா?" வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கும் ஏடுதான் மஸ்டர். தமிழரானாலும் மராத்தியரானாலும் மஸ்டர் மஸ்டர்தான். மராத்தியில் ஹஜேரி என்றும் சொல்வார்கள். நம் கோர்ட்டுத் தமிழின் 'ஆஜர்' அதற்கு உறவு. இரண்டும் ஒரே அரபி வேர்.

மஸ்டர் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலம் லத்தீன், பொருள் 'காட்டுதல்'. மிக்ஸி விற்கிறவர் செய்து காட்டும் 'டெமோ'வுக்கும் அதே வேர்தான். படைவீரர்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவதை மஸ்டர் என்றார்கள். செத்துப்போனவன், ஓடிப்போனவன் பெயரிலெல்லாம் சம்பளம் வாங்கிய படைத்தலைவர்கள் இருந்தார்களே! ஆளைக் காட்டு, அப்புறம் காசைக் கேள்.

தமிழில் வழக்கமாக 'வருகைப் பதிவேடு' என்கிறோம். ஆள் வந்தாரா என்று மட்டும் குறிக்கும் ஏட்டுக்கு அது சரி. பெயர், வேலை, நாள், கூலி எல்லாம் ஏறும் மஸ்டர் ரோலுக்குப் போதாது. 'பணிப் பதிவேடு' என்றால் அரசு ஊழியரின் எஸ்.ஆர். (சர்வீஸ் ரிஜிஸ்டர்) என்றாகிவிடும். என் ஓட்டு 'வருகை ஊதியப் பதிவேடு'க்கு. கொஞ்சம் நீளம்தான்.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், சம்பளப் பாகுபாடு வழக்கே இந்த ஏட்டில்தான் நிற்கிறது. சுந்தரரை அடிமை என்ற கிழவனாரிடம் திருவெண்ணெய்நல்லூர் சபை கேட்டதாகப் பெரியபுராணம் சொல்வதும் இதைத்தான்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, மூன்றில் ஒன்றைக் காட்டு. "எனக்குக் குறைத்துக் கொடுத்தார்கள்" என்பவர், அதே வேலைக்குப் பக்கத்து நாற்காலிக்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும். ஏடோ முதலாளியின் பீரோவில். அதனால்தான் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் பதிவேடு வைப்பதை முதலாளியின் கடமையாக்கியது. இப்போது அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடக்கம்.

பம்பாயின் மெக்கின்னன் மெக்கென்சி கம்பெனி, பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தது. அதிகாரிகளுக்கான அந்தரங்கச் சுருக்கெழுத்தர்கள் அவர்கள், அது வேறு வேலை என்று வாதாடியது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செய்யக்கூடிய வேலை எது என்றல்ல, உண்மையில் செய்யும் வேலை எது என்று பார் என்றது. கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்பதும் எடுபடவில்லை.

தீர்ப்பைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு தையல் பட்டறையில் இரண்டு வருஷம் மஸ்டர் எழுதியவன் நான். போன மாதத்துப் பக்கத்தைப் பார்த்து இந்த மாதத்தை எழுதுவேன். வேலைப் பெயரும் அப்படியே இறங்கும். ஓவர்லாக் மெஷினில் ஆண்கள் 'ஆபரேட்டர்'. அதே மெஷினில் பெண்கள் 'ஹெல்பர்'. தாராவியிலிருந்து வரும் ஓர் அக்கா ஒருநாள் மேஜையருகே நின்று கேட்டார்: "என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்க, தம்பி?"

"ஹெல்பர்க்கா."

"நான் யாருக்குப்பா ஹெல்ப் பண்றேன்?"