அமெரிக்க அரசு முடக்கம்: காலக்கெடுவை வைத்துக் கட்சிகள் பேரம் பேசுவது எப்படி?

2019 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பலர் அன்று சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தார்கள். நிகரத் தொகை என்ற இடத்தில் பூஜ்யம். வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கும் பூஜ்யம். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் பூஜ்யம். குடியரசுத் தலைவர் டிரம்ப் மெக்சிகோ எல்லைச் சுவருக்குக் கேட்ட 570 கோடி டாலரை ஜனநாயகக் கட்சி தர மறுத்தது. அதனால் அரசுச் செலவுக்கான மசோதா நிறைவேறாமல் பல அலுவலகங்கள் மூடின; அந்த இழுபறி முடிய 35 நாள் ஆனது.

இப்படி நடக்கச் சட்டம் எப்படி இடம் கொடுக்கிறது? அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் நிறைவேறுவதில்லை. அப்போது பழைய அளவிலேயே செலவைத் தொடர, சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒரு தற்காலிக நிதி மசோதாவைக் கொண்டுவருவார்கள். அதுவும் நிறைவேறாவிட்டால் முடக்கம்தான். நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தை அதிகாரிகள் செலவிடக் கூடாது என்ற சட்டம் 1884 முதலே இருக்கிறது. ஆனாலும் நெடுங்காலம், பணம் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அலுவலகங்கள் இயங்கியே வந்தன. 1980-இல் தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தின் பொருள் அதுவல்ல, பணம் தீர்ந்தால் கதவை மூட வேண்டும் என்று கருத்துரை வழங்கினார். உயிருக்கும் உடைமைக்கும் காவலான பணிகளுக்கு மட்டும் விலக்கு. இன்று நாம் பார்க்கும் முடக்கம் அந்தக் கருத்துரையில் பிறந்தது.

அதோடு ஒரு காலக்கெடுவும் பிறந்தது. பேரத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் மேலவையான, 100 பேர் கொண்ட செனட்டில் இத்தகைய மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேரின் ஆதரவு வேண்டும். ஆளும் தரப்புக்கு அத்தனை பேர் இருப்பது அபூர்வம். ஆகவே ஆண்டு முழுவதும் பேச்சு எடுபடாத எதிர்க்கட்சிக்கு அந்தச் சில நாள்களில் திடீரென்று மதிப்பு கூடுகிறது.

முதல் உத்தி, நிபந்தனையைச் செலவு மசோதாவோடு கட்டிவிடுவது. 2013-இல் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நிறுத்தினால்தான் பணம் என்றது. எதிர்த்தரப்பு, ஒட்டு எதுவும் இல்லாத வெறும் மசோதாவைக் கொண்டுவாருங்கள் என்றது. முடக்கம் தொடங்கிய அன்றே, வாஷிங்டனில் இரண்டாம் உலகப் போர் நினைவிடத்தைச் சுற்றி வைத்த தடுப்புகளைத் தாண்டி முதிய போர்வீரர்கள் உள்ளே போனார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. உடனே குடியரசுக் கட்சி, பூங்காக்களுக்கு ஒன்று, மருத்துவ ஆய்வுக்கு ஒன்று எனச் சின்னச் சின்ன மசோதாக்களை அனுப்பியது. மக்கள் கண்ணில் படும் வலியை மட்டும் ஆற்றிவிட்டு மீதியை வைத்துப் பேரத்தை நீட்டலாம் என்பது கணக்கு. செனட் அவற்றை ஏற்கவில்லை. 16 நாள்களுக்குப் பிறகு, சட்டத்தை நிறுத்த முடியாமலே குடியரசுக் கட்சி பின்வாங்கியது.

பழி யார் மேல் விழும் என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கவலை. 1995-இல் முடக்கம் நடந்துகொண்டிருந்தபோது, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் நியூட் கிங்ரிச், இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பியபோது விமானத்தில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் தன்னோடு பேசவில்லை, பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள் என்று செய்தியாளர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். தற்காலிக நிதி மசோதாவில் கடுமை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரே சொன்னது அவருடைய கட்சிக்குப் பெரும் அடியாயிற்று.

2025-இல் காட்சி மாறியது. மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்துக்கான கூடுதல் வரிச்சலுகை ஆண்டு முடிவில் காலாவதியாகவிருந்தது. அதை நீட்டிக்க ஜனநாயகக் கட்சி தன் வாக்குகளைப் பிடித்துவைத்தது. வெள்ளை மாளிகையின் பதிலடி புதியது: கட்டாய விடுப்போடு நிற்காமல் நிரந்தரப் பணிநீக்கமும் செய்வோம் என்று முன்கூட்டியே எச்சரித்து, அக்டோபரில் ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸும் கொடுத்தது. சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் நம்பியிருக்கும் உணவு உதவி நவம்பரில் தடைபட்டது. அதுவரை கண்டிராத 43 நாள் முடக்கத்துக்குப் பின், ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து 8 செனட்டர்கள் அணி மாறி வாக்களித்தார்கள். பணிநீக்கங்கள் திரும்பப் பெறப்பட்டன. சலுகைக்குக் கிடைத்தது டிசம்பரில் வாக்கெடுப்பு என்ற வாக்குறுதி மட்டும்; அந்த வாக்கெடுப்பிலும் 60 சேரவில்லை.

கொள்கைக்காகக் கட்சிகள் மோதுவதில் எனக்கு மறுப்பில்லை. மருத்துவக் காப்பீடு மோத வேண்டிய விஷயமும்கூட. ஆனால் பணயமாக வைக்கப்படுவது மோதுகிறவர்களின் பணம் அல்ல. முடக்கக் காலத்திலும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் நிற்பதில்லை. கெடு தவறினால் பழைய ஒதுக்கீடு தானாகவே தொடரும்படி சட்டம் செய்யலாம். அதற்கான மசோதாக்கள் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. கையில் இருக்கும் பிடியை விட்டுத்தர எந்தத் தரப்புக்கும் மனம் வரவில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ஓய்வூதியமும் தபாலும் தடைபடுவதில்லை. அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது எச்-1பி வேலை விசா. குடிவரவு அலுவலகம் கட்டண வருவாயில் இயங்குவதால் திறந்திருக்கும். ஆனால் மனுவுக்கு முன்பாகத் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும். அந்தத் துறைக்குப் பணம் நின்றால் சான்றும் நின்றுவிடும். 2013-இலும் 2025-இலும் அப்படித்தான் நின்றது. வேலை மாற நினைப்பவர்கள், புதிய நிறுவனம் கெடு நாளுக்கு முன்பே அதை வாங்கிவிடும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

முடக்கம் முடிந்ததும் மத்திய அரசு ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் தர வேண்டும் என்று 2019-இல் சட்டம் வந்தது. அதே கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கும், உணவகத்தில் பரிமாறும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தச் சட்டத்தில் இல்லை. கதவு திறந்ததும் அவர்களும் வேலைக்குத் திரும்புகிறார்கள். மூடிக் கிடந்த நாள்களின் கூலிக்கு அவர்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.