ஆள் சப்ளை ஏஜென்சிகளுக்குப் புதிய தொழிலாளர் சட்டம்: முதலில் திருத்த வேண்டியது சம்பளச் சீட்டை

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. பழைய 29 சட்டங்கள் அவற்றுள் அடங்கிவிட்டன. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் அதில் ஒன்று. கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது லைசென்ஸைப் பற்றி. ஆனால் கையை விட்டுப் பணம் போகும் இடம் சம்பளச் சீட்டு. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, தக்கவைப்புப் படி (வேலை இல்லாத காலத்திலும் ஆளைத் தக்கவைக்கத் தரும் தொகை) மூன்றும் ஊதியம். வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம், கமிஷன் என்று சட்டம் பெயர் சொல்லி விலக்கிய இனங்கள் ஊதியத்தில் சேராது. ஆனால் இப்படி விலக்கியவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மீண்டும் ஊதியத்தில் வந்து சேர்ந்துவிடும்.

ஒருவருக்கு மொத்தச் சம்பளம் 28,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் அகவிலையும் 12,000, வாடகைப் படி 10,000, போக்குவரத்து 6,000. விலக்கியது 16,000, பாதி 14,000. மிகுதி 2,000 சேர்வதால் ஊதியம் 14,000 ஆகிறது. (முதலாளி பங்கு பிஎஃப்-ஐ எளிமைக்காக ஒதுக்கிவைத்திருக்கிறோம். குறைந்தபட்சக் கூலியை எட்டுகிறதா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய கணக்கு.)

இதனால் 12 சதவீத பிஎஃப் 1,440-லிருந்து 1,680 ஆகும், அதாவது 240 ரூபாய் கூடும். மொத்தம் 28,000 என்பதால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு வெளியே இருந்தவர், ஊதியம் 14,000 என்பதால் 21,000 வரம்புக்குள் வர வாய்ப்புண்டு. வந்தால் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்தவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், 26 நாள் மாதக் கணக்கில் 8,077 ரூபாய். இதற்கு மாதம் 673 ரூபாய் ஒதுக்க வேண்டும். பிஎஃப்-இல் கூடும் 240, இஎஸ்ஐ 455, பணிக்கொடை 673 மூன்றையும் கூட்டினால் தலைக்கு 1,368. நூறு பேர் என்றால் மாதம் 1,36,800 ரூபாய். பழைய ரேட்டில் போட்ட ஒப்பந்தத்தில் இந்தத் தொகைக்கு இடமே இருக்காது. சட்டமாற்றத்தால் கூடும் செலவைக் கம்பெனி ஏற்கும் என்ற ஒரு வரியை இப்போதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்ற பெயரில் ஒரு பெருந்தொகையைப் போட்டுவைத்திருப்பவர்கள் கவனிக்க: விலக்குப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. பாதிக் கணக்குக்கே போகாமல் அது முழுதாக ஊதியத்தில் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

அடுத்தது கணக்கு முடித்தல். ராஜினாமா செய்தாலும் நிறுத்தப்பட்டாலும், நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி வருகைப் பதிவை மாதக் கடைசியில் அனுப்பி, பில்லுக்கு 45 நாள் கழித்துப் பணம் தரும் வழக்கத்தில் இது நடக்காது. ஆள் நின்ற அன்றே தகவல் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மாதச் சம்பளமும் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். 'கம்பெனி இன்னும் பணம் தரவில்லை' என்பது தொழிலாளியிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல; ஊதியம் கொடுக்கும் முதல் பொறுப்பு ஏஜென்சியுடையது. ஏஜென்சி தவறினால் கம்பெனி கொடுத்துவிட்டு ஏஜென்சியிடம் பிடித்துக்கொள்ளும். 120 பேருக்குத் தலைக்கு 16,000 என்றால் 19.2 லட்சம் ரூபாய். பில் பணம் வருமுன் அந்தத் தொகை உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

லைசென்ஸைப் பொறுத்தவரை சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. வரம்பு 20 பேரிலிருந்து 50 ஆனது. கடந்த 12 மாதத்தில் ஒரே ஒரு நாள் 50 பேரை எட்டியிருந்தாலும் கணக்கில் வரும் என்பதால், பண்டிகைக் காலத்துக் கூடுதல் ஆட்களை விட்டுவிடாமல் எண்ணுங்கள். லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும், விண்ணப்பம் இணையவழி. புது வேலை ஆணை கிடைத்தால் அதையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கம்பெனியின் மையத் தொழிலில், அதாவது கம்பெனி எதற்காக நடக்கிறதோ அந்த வேலையில், ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கப் பொதுவாகத் தடை உண்டு. துப்புரவு, காவல், கேன்டீன், ஏற்றி இறக்குதல், தோட்டவேலை போன்றவை பொதுவாக மையத் தொழில் ஆகாது. ஆனால் காவல் சேவையே தொழிலாக நடத்தும் நிறுவனத்துக்குக் காவல்தான் மையத் தொழில். எனவே வேலை ஆணையில் 'பொது உதவியாளர்' என்று மழுப்பாமல், ஆள் உண்மையில் எந்த வேலை செய்வார் என்பதை எழுதுங்கள். உற்பத்தி லைனில் நிற்கும் ஆளுக்கு ஹவுஸ்கீப்பிங் என்று எழுதிவைத்தால், ஆய்வில் முதலில் மாட்டுவது அதுதான்.

ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். கேட்டால் அனுபவச் சான்றிதழும் தர வேண்டும். வேலை வாங்கித் தந்ததற்காக ஒப்பந்தத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கமிஷன் வாங்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. முதல் மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடிக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். ஊரைவிட்டு வந்து கடன் வாங்கி அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளிடம் பிடிக்கும் பணம் அது. கீழே வேலை பார்க்கும் ஆள்பிடிக்கும் ஏஜென்ட் வாங்கினாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். அவரிடமும் எழுத்தில் உறுதி வாங்கிவையுங்கள்.